மதுரையிலிருந்து துபாய் வரை ஒரு நோன்பு

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷமாகவே தயங்கிக்கொண்டிருந்தேன். என் வீட்டம்மாவுக்குப் பிடிக்காது. "நோம்பு பிடிச்சதத் தம்பட்டம் அடிச்சா அது நோம்பாங்க?" என்பாள். இந்த ரமலானில்தான் அரைமனதாகத் தலையசைத்தாள்.

விருதுநகரில் எங்களுக்குப் பருப்பு வியாபாரம். வருஷாவருஷம் நோன்பு நேர அட்டையைக் கடைப் பெயர் போட்டுச் சிவகாசியில் அடித்து வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுப்போம்.

சில வருஷத்துக்கு முந்திய ஒரு ரமலானில் துபாயில் இருந்த மகள் மாசமாக இருந்தாள். ஏதோ சிக்கல், அசையாமல் படுத்திருக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். நானும் வீட்டம்மாவும் கிளம்பினோம். மதுரையிலிருந்து ஏறக்குறைய மூவாயிரம் கிலோமீட்டர், விமானத்தில் நாலு மணி நேரம். சாயங்காலப் பயணம்.

"பயணத்துக்குச் சலுகை இருக்கும்மா. விட்டுட்டுப் பெறகு பிடிச்சுக்கிரலாம்" என்றேன்.

"இருக்கு, இல்லேங்கல. நோம்பு தொறக்குறப்போ கேக்குற துஆவ அல்லாஹ் தட்ட மாட்டான். இன்னிக்கு எம் புள்ளைக்குக் கேக்கணும்."

வானத்தில் என் கைக்கடிகாரம் ஊர் நேரம் காட்டியது. சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்துப் பார்த்தேன். நோன்பு திறக்கும் நேரமாகிவிட்டது. பக்கத்து சீட்டில் இருந்த நோன்பாளியிடமும் சொன்னேன். பேரீச்சம்பழத்தை வாய்க்குக் கொண்டுபோனபோது வீட்டம்மா என் கையைப் பிடித்தாள்.

"என்ன செய்றீக? சன்னல்ல பாருங்க, வெயிலு மூஞ்சில அடிக்கிது!"

"அட்டையில நேரம் ஆயிருச்சே."

"அது விருதுநகருக்கு. நாம அங்கனயா இருக்கோம்? நம்ம கடப் பேரு போட்ட அட்டைனு சூரியன் சீக்கிரம் அடஞ்சிருமாக்கும்?"

பக்கத்து சீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே வடையைப் பொட்டலத்துக்குள் திரும்ப வைத்தார்.

ஒரு மணி நேரத்துக்கும் மேல் போயிற்று. சூரியன் அடையவே இல்லை. அவள் உதடு வெளுத்துவிட்டது. எனக்குப் பயமாக இருந்தது. "முடியலேன்னா தண்ணி குடிச்சிரும்மா. அவன் அறிவான்" என்றேன். "முடியிது" என்றாள். சன்னலில் தலையைச் சாய்த்து, அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு பொறுமையை நான் யாரிடமும் பார்த்ததில்லை.

விமானம் இறங்கத் தொடங்கிய பிறகுதான் சூரியன் மறைந்தது. அவள் பிஸ்மி சொல்லிப் பழத்தைக் கடித்து, ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். பிறகு கையேந்தினாள். சக்கரம் தரையைத் தொட்டுக் குலுங்கியபோதும் அந்தக் கை இறங்கவில்லை.

அடுத்த மாதம் பேத்தி பிறந்தாள். தாயும் பிள்ளையும் சுகம். அல்ஹம்துலில்லாஹ்.

ஊரில் இப்போதே இதற்குக் கைகால் முளைத்துவிட்டது. அவளுக்காகச் சூரியன் நின்றதாம். கேட்டால் அவளுக்குக் கோபம் வருகிறது. சூரியன் நிற்கவில்லை, நாங்கள்தான் மேற்கே அதன் பின்னாலேயே போனோம். அவள் காத்திருந்தாள். பலன் கொடுத்தது ரப்பாகிய அல்லாஹ். யாரிடமாவது சொல்ல நினைத்தால் இப்படியே சொல்லுங்கள். தயவுசெய்து, அவளுக்காக, ஒரு சொல்லும் கூட்ட வேண்டாம்.