அக்காவும் பச்சைக் கம்பளித் தோரணமும்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. கண்ணீரோடு எழுத வேண்டியதைத் தங்கையான நான் நிம்மதியோடு எழுதுகிறேன். ஏன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

காங்கேயத்தை அடுத்த சிற்றூரில் பிறந்து, சூலூரில் வாழ்க்கைப்பட்ட அக்கா, இளம் வயதிலேயே கணவரை இழந்தார். பனியன் கம்பெனியில் துணியோரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மெஷின் ஓட்டி ஒரே மகனைப் படிக்க வைத்தார். உழைப்பு எவ்வளவோ, பிடிவாதமும் அவ்வளவு. மகன் இமயமலைப் பக்கத்துப் பெண்ணை விரும்பி மணந்தபோது கல்யாணத்துக்கே போகவில்லை.

அந்த மருமகள் தன் கையால் பின்னிய பச்சைக் கம்பளி ஸ்வெட்டர் ஒன்றை அனுப்பி வைத்தாள். அக்காவோ பருத்தியைத் தவிர வேறொன்றும் அறியாதவர். சோப்புத்தூள் போட்ட கொதிநீரில் ஊறவைத்து, கல்லில் அடித்துத் துவைத்துவிட்டார். காய்ந்தபோது குழந்தைச் சட்டை அளவுக்குச் சுருங்கி, அட்டைபோல் தடித்துக் கிடந்தது.

பொங்கலுக்கு மகனும் மருமகளும் முதன்முறையாக வருவதாக இருந்தது. அக்கா என்னைக் கூப்பிட்டுப் பதறினார்.

"வேணும்னே கெடுத்துப்போட்டேன்னு தான அவ நெனப்பா, அம்மணி? இனி என்ற பையன் இந்த ஊட்டுப் பக்கம் வருவானா?"

ஒளித்து வைக்கச் சொன்னேன். கேட்டால்தானே! வந்தவளிடம் நேராக நீட்டி, "சுடுதண்ணில போட்டுக் கெடுத்துப்போட்டேன், கண்ணு" என்றார்.

மருமகள் அதை இழுத்துப் பார்த்துச் சிரித்துவிட்டு, கணவனிடம் கற்ற தமிழில் சொன்னாள்: "கெடலே அத்தை. எங்க ஊர்ல நாங்களே இப்படித்தான் சுருக்குவோம்."

கத்தரிக்கோல் கேட்டு வாங்கி, மாவிலை வடிவில் வெட்டினாள். அக்கா வெட்டிய ஓரத்தை நிமிண்டி நிமிண்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, ஓவர்லாக் அடிக்காம நூலு பிரிஞ்சுக்காதுங்களா?"

பதற்றத்தில் மருமகளுக்கே 'ங்க' போட்டுவிட்டார். கொதிநீரில் சுருங்கி இறுகிப்போன கம்பளி என்பதால் நூல் பிரியவில்லை. மாலைக்குள் இருவரும் சேர்ந்து கோத்த தோரணம் நிலைவாசலில் ஏறியது. எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

பிறகு அக்கா நோயில் விழுந்தார். மருமகள் வேலையைக் கோவைக்கு மாற்றிக்கொண்டு வந்து, குளிப்பாட்டி, சோறூட்டி, கூடவே இருந்தாள். முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

சிகிச்சையளித்த மருத்துவர்களுக்கும், செவிலியர்களுக்கும், ஓடிவந்து நின்ற அக்கம்பக்கத்தாருக்கும், கம்பெனித் தோழிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மருமகளுக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. கடைசி வாரம் துணைக்குத் தங்குகிறேன் என்ற என்னிடம் அக்கா சொன்னதை மட்டும் சொல்கிறேன்.

"என்ற புள்ள இருக்கறா. நீ ஊட்டுக்குப் போய்த் தூங்கு, அம்மணி."

போனேன். நிம்மதியாகத் தூங்கினேன்.