வாய்க்கால் வீதியில் இரண்டாம் குரல்

கரோல் பாடப் போகும் கடைசி மாலைக்கான பாதையை நான்தான் வரைந்தேன். நில அளவை படித்தவள் என்பதால் அந்த வேலை என்னிடம் வந்தது. வட்டக்கச்சியில் இன்னும் பாடாமல் மிஞ்சியிருந்த வீடுகளைக் கைபேசியில் குறித்து, எங்களைப் பெட்டியில் ஏற்றி இழுக்கும் உழவு இயந்திரம் ஒரே வீதியால் இரண்டு தரம் போகாதபடி இணைத்தேன். டீசல், மழை, நத்தார் பாப்பாவின் பஞ்சுத் தாடி எல்லாவற்றையும் யோசித்திருந்தேன்.

ஒரு வருடத்துக்குள் சாவு நடந்த வீட்டின் முன்னால் நாங்கள் பாடுவதில்லை. அந்த வீதிக்கே போகாமல் சுற்றிப் போவதுதான் வழக்கம். அப்படி ஒரு வீட்டை நான் பட்டியலில் இருந்து நீக்கினேன், வீதியை நீக்கவில்லை.

அது எங்கள் குழுவில் இரண்டாம் குரல் பாடும் அன்ரியின் வீடு. கணவர் இறந்த பிறகு அவர் பூசைக்கு வந்து, கோயிலின் கடைசி வாங்கில் இருந்துவிட்டுப் போய்விடுவார். பாடகர் பக்கம் வருவதில்லை. அவருடைய இடத்தில் என்னை விட்டிருந்தார்கள். நத்தார் பூசைக்காவது வருவாரா என்று எல்லோரும் யோசித்தோம். கேட்கப் போக ஒருவருக்கும் துணிவில்லை.

அன்ரியின் வீடு இருந்த வாய்க்கால் வீதிக்குள் திரும்பிய பிறகுதான் குழுவை நடத்தும் அண்ணா கவனித்தார்.

"பிள்ளை, இதால ஏன் விட்டனீர்?"

"இதுதான் கிட்ட, அண்ணா."

"கிட்டத்தான். இனிப் பெட்டியோட திருப்பவும் ஏலாது."

ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் தண்ணீர் நின்ற வயல். பாட்டை நிறுத்தினோம். ஒருவர் மேளத்தின் மேல் துவாயைப் போட்டார். பெட்டியைச் சுற்றிக் கட்டிய நிற லைற்றுகள் மட்டும் அணைந்தணைந்து எரிந்தன. அவற்றை எங்கே நிறுத்துவது என்று அந்த நேரம் யாருக்கும் தெரியவில்லை. நத்தார் பாப்பா குனிந்துகொண்டார்.

அன்ரி தன் வீட்டு வாசற் படலையில் நின்றார்.

"ஏன், இந்த வீட்டில மனிசர் இல்லையோ? களவெடுக்கப் போற ஆக்கள் மாதிரிப் போறியள்."

அண்ணா இறங்கினார். "இல்லை அக்கா, இன்னும் வருசம் திரும்பேல்லை..."

"வருசம் திரும்பாட்டிப் பாலன் பிறக்க மாட்டாரோ?"

அண்ணா எங்களைப் பார்த்தார். மேளம் இல்லாமல், தெரிந்ததில் மெதுவான பாட்டைப் பாடினோம். அன்ரி முழுவதையும் கேட்டார்.

"ரெண்டாம் குரல் ஆர்?"

"நான்தான், அன்ரி."

"நீங்கள் கோயிலடியில பழகிறது இங்க கேக்கும். ரெண்டாவது அடியில நீர் ஒவ்வொரு நாளும் முதற்குரலுக்குப் பின்னால இழுபட்டுப் போறீர். மார்கழி முழுக்கப் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருக்கிறன்."

பெட்டிக்குள் சிரித்தார்கள். நான் மறுக்கவில்லை. அது சரியான அவதானிப்பு.

"அப்ப நீங்களே வந்து பாடுங்கோவன், அக்கா," என்றார் அண்ணா.

"வெள்ளைச் சீலையோட லைற் பூட்டின பெட்டியில ஏறினா சனம் என்ன சொல்லும்? போங்கோ, மழை வருது."

அடுத்த வீடு ஒரு வயல் தள்ளி இருந்தது. துவாயை எடுத்தோம், மேளம் தொடங்கியது. இரண்டாவது அடிக்கு நான் வாயைத் திறந்தபோது, வயலுக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டாம் குரல் வந்தது, உரத்து, கொஞ்சமும் இழுபடாமல். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் முதற்குரலுக்கு மாறிக்கொண்டேன்.

நத்தார் பூசைக்கு என் கதிரையை முதற்குரல்காரரின் பக்கம் நகர்த்திவிட்டு, அன்ரியின் பழைய இடத்தில் ஒரு வெறுங் கதிரையை வைத்தேன். மணி அடிக்க முன்னரே அன்ரி வந்து அதில் இருந்தார். வெள்ளைச் சீலைதான்.