தையல்காரரின் பக்கவிளைவுகள்

தையல்காரருக்கு ஒரு பெருமை உண்டு. சொன்ன தேதிக்கு ஒரு சட்டை கொடுத்தவர் இல்லை. ஆனால் எடுத்த அளவில் கால் அங்குலம் பொய் எழுதியவரும் இல்லை. இருபத்திரண்டு வருடம் மெஷினை மிதித்ததில் முட்டி மக்கர் பண்ணியது. புது முட்டிவலி மாத்திரையை ஆட்களிடம் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஆஸ்பத்திரியில் போய்ப் பெயர் கொடுத்தார்.

மாத்திரையோடு ஒரு நோட்டும் கொடுத்தார்கள். என்ன தொந்தரவு, எப்போது ஆரம்பம், லேசா கடுமையா, முடிந்த தேதி என்று நான்கு கட்டங்கள்.

"மாத்திரையால வந்ததா இல்லையான்னு நீங்க யோசிக்காதீங்கய்யா, அதை டாக்டர் பார்த்துக்குவார். எது வந்தாலும் எழுதிடுங்க," என்றாள் நர்ஸ். "பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. தப்பாயிட்டா ஒரே கோடு போட்டு அடிச்சு, பக்கத்துல கையெழுத்துப் போடுங்க. நாளைக்கு ஊரே சாப்பிடப்போற மருந்து."

இப்படிச் சொன்னால் மனுஷர் சும்மா இருப்பாரா? விரலில் ஊசி குத்தியது, லேசு. தலைவலி, இடது பொட்டில் ஒன்றேகால் அங்குலம், லேசு. நான்காம் நாள் மனைவியின் தம்பி இரண்டு பெட்டியோடு வந்து இறங்கி, துணி வெட்டும் மேஜைமேல் படுத்துக் குறட்டை விட்டான். யோசிக்காதே என்றுதானே சொன்னார்கள்? எழுதினார்: மச்சினன். கடுமை. முடிந்த தேதி காலி.

அடுத்த பரிசோதனையில் நோட்டைப் பார்த்த நர்ஸ் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனாலும் விதி விதிதான். கடுமை என்று எழுதியது தீரும்வரை போன் போட்டு விசாரித்தாக வேண்டும். போட்டாள். எடுத்தது மனைவி.

"அம்மா, ஆஸ்பத்திரியிலேருந்து பேசறேன். உங்க வீட்டுக்காரருக்கு அந்த மச்சினன் தொந்தரவு இப்ப எப்படி இருக்கு? குறைஞ்சிருக்கா?"

தம்பி அன்று மாலையே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். தையல்காரர் தேதியைப் போட்டார். சந்தோஷப்பட முடியவில்லை. மனைவி வாயைத் திறக்கவே இல்லை.

"ஏம்மா, நான் என்ன பண்றது? எழுதச் சொன்னாங்க, எழுதினேன்."

தட்டு வந்தது, சாப்பாடு வந்தது, பேச்சு வரவில்லை. திட்டினாலாவது கேட்டுக்கொண்டு தைக்கலாம். மூன்றாம் நாள் வீடு அவருக்குத் தாங்கவில்லை. நோட்டை எடுத்து, மனைவி பேசவில்லை என்று எழுதினார். வீறாப்பாக, லேசு என்று போட்டார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்திட்டு, கடுமை என்று எழுதினார். அளவில் பொய் எழுத அவருக்கு வராது.

மறுநாள் காலை நோட்டு மெஷின்மேல் கிடந்தது. அந்த வரியின் முடிந்த தேதியில் அன்றைய தேதி, மனைவியின் கையெழுத்தில். அதற்குக் கீழே இன்னொரு வரி: கணவர். ஆரம்பம், கல்யாண நாள். கடுமை. முடிந்த தேதி காலி.

கடுமை என்றால் நர்ஸ் விடுவாளா? அடுத்த வாரப் பரிசோதனையில் நோட்டைப் பார்த்ததுமே போன் போட்டாள்.

"அம்மா, அந்தக் கணவர் தொந்தரவு..."

"அதுக்குத் தேதியெல்லாம் கேக்காதம்மா," என்றாள் மனைவி. "அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்."