பதினாலு கட்டைக்கு ஒரே சத்தம்

கிளாரா டீச்சர் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது தையல்; வீட்டில் செய்தது தச்சு. திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் அவள் வீட்டுப் பின்பக்கம் விறகு அடுக்கியிருந்த தகரக் கொட்டகை, கேஸ் அடுப்பு வந்ததும் காலியானது. மறுநாளே அங்கே ரம்பம் குடியேறிவிட்டது. அவள் செய்த முதல் ஸ்டூலின் நாலு கால்களில் ஒன்று எப்போதும் விடுப்பில் இருக்கும். அதில் உட்கார்ந்து காபி குடித்த கணவர் சூசை, தபால் ஆபீஸ் வரைக்கும் ஆடிக்கொண்டே போனார். என் கண்ணால் பார்த்தேன். நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும்.

தொண்ணூற்றெட்டாம் வருடத் தவக்காலத்தில் கோயிலில் ஒரு சிக்கல். பெரிய வியாழன் பூசையோடு கோயில் மணிகள் துக்கத்தில் வாயை மூடிக்கொள்ளும். உயிர்ப்புத் திருவிழாவான ஈஸ்டர் வரை மணிக்குப் பதில் மரக்கட்டைதான் பேசும். கைப்பிடி வைத்த பலகை, அதன் நடுவே இரும்பு வளையத்தில் மாட்டிய சின்ன மரச்சுத்தி. ஆட்டினால் சுத்தி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் புரண்டு அடிக்கும். சிலுவைப் பாதையில் நின்று நின்று ஜெபிக்கும் பதினாலு ஸ்தலத்துக்கும் பதினாலு கட்டை. அத்தனையையும் கரையான் தின்றுவிட்டது.

“கட்டச் சத்தத்த டேப்புல புடிச்சு மைக்குல போட்டுட்டாப் போச்சு” என்றார் கோயில் கமிட்டிச் செயலாளர் ராயப்பராஜ்.

கூட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த கிளாரா எழுந்துவிட்டாள். “பெரிய வெள்ளிக்கு டேப்பாண்ணே? நான் செஞ்சு தாரேன்.”

“டீச்சர், இது ஜாக்கெட்டு இல்ல. பதினாலும் ஒண்ணுபோலப் பேசணும். புதங்கிழம சாயங்காலம் கேட்டுப் பாப்பேன். ஒண்ணு பிசிறுனாலும் டேப்புதான்.”

கமிட்டியே சிரித்தது. கிளாரா பூவரசம் பலகை வாங்கப் போய்விட்டாள்.

பெரிய வியாழனுக்கு முந்தின குருத்து ஞாயிறு மதியம் பதினாலும் தயார். முதல் கட்டை ‘டக் டக்’ என்றது. ஏழாவது ‘டக் டொக்’. பதினாலாவதில் ஒரு பக்கம்தான் சத்தம். மறுபக்கம் சுத்தியின் தலை பலகையைத் தாண்டி வெளியே தொங்கியது.

“இது என்ன, பாதி நோன்பு இருக்கா?” என்றார் சூசை.

“சும்மா இருங்க. எல்லாம் அளவு வச்சுத்தான் துளை போட்டேன்.”

“எத வச்சு?”

“முன்னாடி செஞ்சத வச்சு...” சொல்லும்போதே கிளாராவுக்கு உறைத்துவிட்டது.

தையல்காரி புத்தி! கடைசியாகத் தைத்த ஜாக்கெட்டையே அடுத்ததற்கு அளவாக வைக்கும் பழக்கம். துணி கொஞ்சம் இழுத்துக் கொடுக்கும், மரம் கொடுக்குமா? ஒவ்வொரு தடவையும் பென்சில் கோட்டின் தடிமன் அளவு துளை நகர்ந்து நகர்ந்து, பதினாலாவதில் விரற்கடை தூரம் போயிருந்தது.

தப்பான துளைகளில் பசை தடவி மரமுளை அடித்து அடைத்தாள். பிறகு பென்சிலைத் தூக்கி எறிந்துவிட்டு ஒரு பெட்டி செய்தாள். அடிப்பலகையின் மேல் இரண்டு சட்டங்களை மூலைமட்டம் வைத்து ‘ட’ போல அறைந்தாள். கீல் வைத்த கனத்த மூடி, மூடியில், பலகைக்குள் இறங்கும் வளையத்தின் இரண்டு காலுக்கும் இரண்டு துளை. கட்டையை மூலையில் இடித்து வை, மூடியை மூடு, மூடித் துளைவழியே துளையிடு. அளவு எடுக்கும் வேலையே கிடையாது.

ஆனாலும் மூன்றாவது கட்டை மறுபடி பிசிறியது. கிளாரா பெட்டியைத் தலைகீழாகத் தட்டினாள். மூலையில் சிக்கியிருந்த மரத்தூள் உதிர்ந்தது. அதுதான் கட்டையை மூலையில் ஒட்டவிடாமல் தள்ளியிருக்கிறது. சட்டையின் காலர் முனை கூராகப் படிய, உள்ளே மடிந்த துணியின் மூலையைக் கத்தரிப்போம் இல்லையா? அதேபோல் சட்டங்கள் சேரும் மூலையை உளியால் கொஞ்சம் செதுக்கி, தூள் விழ வழி விட்டாள். அதன்பின் ஒன்றுகூட முரண்டு பிடிக்கவில்லை.

புதன் சாயங்காலம் ராயப்பராஜ் டேப் ரெக்கார்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே வந்தார். சுவரைப் பார்த்து நின்று, “ம், ஆட்டுங்க” என்றார். கிளாரா ஒவ்வொன்றாக ஆட்டினாள்.

“ஒரே கட்டையத் திரும்பத் திரும்ப ஆட்டி ஏமாத்துறீங்களா டீச்சர்?”

“திரும்பிப் பாருங்கண்ணே.”

திரும்பினார். தரையில் பதினாலு கட்டை வரிசையாகக் கிடந்தது. ஒவ்வொன்றாக எடுத்துத் தாமே ஆட்டினார். பிறகு டேப் ரெக்கார்டரின் பேட்டரியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பெரிய வெள்ளியன்று அந்தச் சத்தம் தொலைவில் இருக்கும் அகரம் ஊர் வரை கேட்டது. அங்கே ஒரு மாடு பால் கறக்க ஒத்துக்கொள்ளவில்லை. முதல் ஸ்தலத்துக் கட்டையைக் கேட்டு வாங்கி ஆட்டியவர் ராயப்பராஜ்தான். சாமியார் ஜெபத்தை ஆரம்பிக்கக் காத்து நிற்கிறார், மனிதர் நிறுத்துவதாக இல்லை.

“அண்ணே, போதும், கொடுங்க” என்று கிளாரா கை நீட்டினாள்.

“செத்த நேரம் இருங்க டீச்சர்” என்றார் அவர்.