பாகப்பிரிவினையில் அடங்காத விளையாட்டுகள்

என் மனைவியின் தம்பியர் இருவரும் சொத்தைப் பிரித்துக்கொண்டபோது என்னை அழைத்தார்கள். என் மனைவி தன் பங்கை முன்பே விட்டுக்கொடுத்திருந்தாள். ஆகவே நான் எந்தப் பக்கமும் சாயமாட்டேன் என்று அவர்கள் நம்பினார்கள். கல்லூரியில் தமிழ் கற்பித்தவன் என்பதால், பத்திர வாசகத்தில் பிழை நேராமல் பார்த்துக்கொள்வேன் என்ற எண்ணமும் இருந்திருக்கும்.

மூத்தவன் வேங்கிக்காலில், ஆட்சியர் அலுவலகத்து வருவாய்ப் பிரிவில் எழுத்தர். நிலங்களின் பெயர்மாற்றக் கோப்புகள் அவன் மேசைக்கே வந்து சேரும். அலுவலகத்துக்கு அருகிலேயே புது வீடு கட்டி முடித்திருந்தான். இளையவன் செங்கம் சாலையில், வெளியூர்க்காரர் தங்கும் விடுதியொன்றை நிர்வகிப்பவன். நகரத்திலிருந்த பழைய வீடு அவனுக்கென்று முடிவாயிற்று. ஊரிலிருந்த நிலம் இரண்டாகப் பிரிந்தது. கிணறு மட்டும் பொது. ஒரு நாள் அண்ணன், மறுநாள் தம்பி என்று முறைவைத்துத் தண்ணீர் இறைத்துக்கொள்வது. மின்சாரம் தடைப்பட்டு ஒருவன் முறை வீணானால் அவனுக்குப் பதில் நாள் உண்டு. எங்கள் பகுதியில் எல்லாக் குடும்பத்துக் கிணறுகளும் இப்படித்தான்.

இவ்வளவும் சிக்கலின்றி நடந்தது. சிக்கல், தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் ஒரு விளையாட்டுக் கருவியில் வந்தது.

இருவருக்கும் வேலை கிடைத்த காலத்திலிருந்தே அது பழைய வீட்டுக் கூடத்தில் இருந்தது. மலைப்பாதைகளில் பாரவண்டி ஓட்டிச் சரக்கைக் கொண்டுசேர்க்கும் விளையாட்டைத்தான் மிகுதியும் ஆடுவார்கள். ஒருவன் வண்டியோட்ட, மற்றவன் அருகில் அமர்ந்து வழி சொல்லுவான். மாமியார் வீட்டுக்கு நான் எப்போது போனாலும் வாசலிலேயே அவர்கள் குரல் கேட்கும்.

“லெப்டுல ஒடிண்ணா, லெப்டுல. பஸ் ஸ்டாண்டு ஆட்டோக்காரரு கூட உன்னவிட நல்லா ஓட்டுவாரு.”

“நீ வாய மூடிக்கினு மேப்ப பாரு. போன தடவ வண்டிய ஆத்துல எறக்குனது யாருடா?”

தொடக்கத்தில் விளையாட்டுகளை வட்டுகளாக வாங்கினார்கள். ஆடிச் சலித்த வட்டைப் பேருந்து நிலையத்தருகே ஒரு கடையில் கொடுத்து, மேலே சிறிது பணம் வைத்தால் வேறொன்று கிடைக்கும். பிறகு கடைக்குப் போவது நின்றது; இணையத்திலிருந்தே நேராக இறக்கிக்கொண்டார்கள். ஒருமுறை அண்ணன் பணம் கட்டுவான், அடுத்த முறை தம்பி. ஆனால் கணக்கு ஒன்றுதான். அது அண்ணன் பெயரிலும் அண்ணனின் கைபேசி எண்ணிலும் இருந்தது. ஒரே அடுப்பில் உலை ஏறும் வீட்டில் அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

பங்கு போடுவதில் எங்கள் பக்கத்து வழக்கம் எளியது. மூத்தவன் கூறு வைப்பான். இளையவன் தனக்கு வேண்டிய கூற்றை முதலில் எடுப்பான். அலமாரியில் எஞ்சியிருந்த பழைய வட்டுகளை மூத்தவன் பாயில் இரண்டு குவியலாக வைத்தான். இளையவன் ஒன்றைக் காட்டினான், முடிந்தது. கீறல் விழுந்த கால்பந்து வட்டு தன் பங்கில் வந்துவிட்டதென்று அண்ணன் முறையிட, “கூறு வச்சது நீ. அனுபவி,” என்றான் தம்பி. எல்லோரும் சிரித்தோம்.

அதன்பின் தம்பி கேட்டான்: “இறக்கி வச்சிருக்கற கேம்ங்கள இன்னா பண்றது? டிஸ்க்கவிட அதுதான் ஜாஸ்தி.”

அண்ணன் கருவியை இயக்கினான். திரை முழுவதும் சிறு சிறு படங்கள் வரிசையாக நின்றன. கூறு வைக்க அவனுக்கு வழி தெரியவில்லை. ஒரு விளையாட்டை மட்டும் கணக்கிலிருந்து பிரித்து வேறொரு கணக்கில் சேர்க்க இயலாது என்று இருவரும் அப்போதுதான் கண்டுகொண்டார்கள். பத்திரத்திலாவது எழுதிவைக்கலாமே என்று தம்பி விரும்பினான். பாகப்பத்திரம் எழுத வந்திருந்த எழுத்தர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார்.

“தம்பி, இது அசையும் சொத்தா, அசையாச் சொத்தா?”

“அசையும்ங்க. டிவியில.”

“ரிஜிஸ்தர் ஆபீஸ்ல இத நீங்களே சொல்லுங்க. நான் வெளிய டீக்கடையில நிக்கறேன்.”

ஆகவே அது பத்திரத்தில் ஏறவில்லை. வாய்மொழியாக ஓர் ஏற்பாடு செய்யலாம் என்று நான் சொன்னேன்: கிணற்றைப் போலவே இதையும் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நாள் அவனுக்கு, மறுநாள் உனக்கு. இருவருக்கும் அது உடனே விளங்கிற்று. உழவர் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு முறை என்பதை விளக்க வேண்டியதில்லை. கருவி அண்ணனோடு வேங்கிக்காலுக்குப் போயிற்று. தம்பி இன்னொரு கருவி வாங்கிக்கொண்டான்.

சில மாதங்கள் ஏற்பாடு நன்றாகவே நடந்தது. ஒருவன் தன் கருவியில் கணக்கைத் திறந்தால் மற்றவன் கருவியில் அது மூடிக்கொள்ளும். மீண்டும் திறக்க, ஒவ்வொரு முறையும் புதிதாக வரும் ஓர் எண் வேண்டும். அந்த எண் அண்ணன் கைபேசிக்கு வரும். எனவே தம்பி தன் முறை நாளில் அண்ணனை அழைப்பான். எண்ணைச் சொல்ல ஆகும் நேரம் மிகச் சிறிது. ஆனால் அழைப்பு அத்துடன் முடியாது. கிணற்று மோட்டார், அண்ணியின் முழங்கால் வலி, வண்டியை எந்த மலையில் நிறுத்தியிருக்கிறான் என்ற விவரம் எல்லாம் அதில் வந்துவிடும். வீடு பிரிந்தாலும் பேச்சுப் பிரியவில்லை என்று என் மனைவி நிறைவோடு சொன்னாள். தாய் இறந்தபின் அவளுக்கிருந்த ஒரே கவலை அதுதான்; இந்த இருவரும் ஒருவரை ஒருவர் விட்டுவிடக் கூடாது.

ஒரு பௌர்ணமி, தம்பியின் முறை நாளில் வந்தது. கிரிவலக் கூட்டத்தால் விடுதி நிரம்பி வழிந்தது. அவனால் வீட்டுக்கே போக முடியவில்லை. மறுநாள் அண்ணனை அழைத்து எண் கேட்டான். அன்று ஞாயிறு, நானும் மனைவியும் வேங்கிக்கால் வீட்டில் இருந்தோம். அண்ணன் பாதி மலையேறிய வண்டியை நிறுத்திவிட்டுக் கைபேசியை எடுத்தான். ஒலிபெருக்கியில் பேசியதால் எங்களுக்கும் கேட்டது.

“இன்னிக்கு என் முறைடா.”

“நேத்து நான் ஆடலண்ணா. அந்த நாளு எனக்கு வரணும்ல.”

“கரண்டு போனாத்தான் பதில் நாளு. உன் லாட்ஜுக்குக் கூட்டம் வந்ததுக்கெல்லாம் பதில் நாளு கெடையாது.”

“பௌர்ணமி இன்னா நானா வரவச்சேன்?”

“நானா வரவச்சேன்?”

இதுவரை விளையாட்டாகவே இருந்தது. பிறகு தம்பி தாழ்ந்த குரலில் சொன்னான்: “ஒவ்வொரு தடவையும் உங்கிட்ட கேட்டுக்கினுதான் நான் எடுக்கணுமா? பாதிக்காசு என்னுதுதான?”

“எங்கிட்ட மட்டும் இன்னா இருக்குது? போன்ல நம்பர் வருது, அத சொல்றேன். அவ்ளோதான்.”

“அப்ப என் பாதிய நான் வித்துடறேன்.”

பங்கை விற்கும்முன் பங்காளியிடம் கேட்க வேண்டும் என்ற மரபை அவன் மறக்கவில்லை. “நீ வாங்கிக்கறியா, வெளிய குடுக்கட்டுமா?” என்றான். பாதியைப் பிரிக்க முடியாதென்று இருவருக்கும் தெரியும். அண்ணன் வெறுப்போடு, “எல்லாத்தையும் சேர்த்தே வித்துடலாம். தொல்ல விடட்டும்,” என்றான். எனக்கும் அது சரியாகவே பட்டது. பிரிக்க முடியாத மாட்டை விற்றுக் காசைப் பகிர்ந்துகொண்ட குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். விற்க முடியாத உடைமை ஒன்று இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வாங்க ஆள் கிடைத்தார். விடுதிக்கு எதிரே காப்பிக்கடை நடத்தும் இளைஞர். கடையின் பின்னறையில் வாடிக்கையாளர் ஆடுவதற்கென்று கேட்டார். நாங்கள் மூவரும் இருக்கையில் பழைய வீட்டுக்கு வந்து விளையாட்டுகளை விருப்பத்தோடு பார்த்தார். பிறகு தம் கைபேசியில் அந்த நிறுவனத்தின் விதிகளைத் தேடி, நெடுநேரம் படித்தார்.

“அண்ணா, நீங்க இத வாங்கல போலிருக்குதே. ஆடறதுக்கு பர்மிஷன் மட்டும்தான் குடுத்துருக்காங்க. இன்னொருத்தருக்கு மாத்திவிட்டா கணக்கையே மூடிடுவாங்களாம். நான் காசு குடுத்துட்டு மறுநாள் ஒண்ணுமில்லாம நிக்க முடியாது. டிஸ்க்கா இருந்தா இப்பவே எடுத்துக்கினு போயிருப்பேன்.”

அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை; வருத்தமே இருந்தது. அவர் போனபின் அண்ணன் கருவியை அணைத்தான். “யார் யாரோ வாங்கி வித்த பூமிக்கெல்லாம் பேர் மாத்தற கோப்பு எங்கிட்ட வருது, மாமா,” என்றான் என்னிடம். “இதுக்கு எந்த ஆபீஸ்ல மனு குடுக்கறது?”

அடுத்த வாரம் அவன் தானாகவே ஒரு காரியம் செய்தான். கணக்கிலிருந்த தன் கைபேசி எண்ணை நீக்கித் தம்பியின் எண்ணைப் பதிந்துவிட்டான். பெயர் மட்டும் அவனுடையதாகவே நின்றது. விதிக்கு மாறானதோ இல்லையோ, அதை அவன் ஆராயவில்லை.

“அவனே வச்சிக்கட்டும் மாமா. என் தம்பி எங்கிட்ட வந்து கேட்டுக்கினு நிக்கறது எனக்கே நல்லால்ல.”

நான் அவனை மனமாரப் பாராட்டினேன். என் மனைவி மட்டும் எழுந்து உள்ளே போனாள்.

தம்பி மகிழ்வான் என்று நினைத்தேன். விடுதி முகப்பில் அவனைப் பார்த்தபோது, வந்திறங்கிய பயணிகளுக்கு அறைச் சாவிகளைக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவர்கள் மாடியேறிய பிறகே பேசினான்.

“நான் கேட்டது பாதி, மாமா. முழுசா குடுத்து என் வாய மூடிட்டாரு.”

“அண்ணன் அன்போடுதான் கொடுத்தான்.”

“இருக்கலாம்ங்க. பிச்ச போட்ட மாதிரி ஆயிடுச்சி. இப்ப நான் யாருக்கு போன் பண்றது, இன்னா கேக்கறது?”

இப்போது எண் அவன் கைபேசிக்கே வருகிறது. அண்ணனை அழைக்க அவனுக்கு ஒரு காரணமும் இல்லை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள்; கிணற்றைக் குத்தகைக்காரரே பார்த்துக்கொள்கிறார். கார்த்திகை தீபத்துக்கு இருவரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வெவ்வேறு வேளையில் வந்தார்கள்.

சென்ற மாதம் வேங்கிக்கால் வீட்டுக்குப் போனேன். அண்ணன் தனியே அமர்ந்து அதே பாரவண்டியை ஓட்டிக்கொண்டிருந்தான். புதிய கணக்கு ஒன்று தொடங்கி, முன்பே விலைகொடுத்த விளையாட்டை மறுபடி விலைகொடுத்து இறக்கியிருந்தான். பழைய கணக்கில் இருவருமாய்ச் சேர்த்த பெரிய வண்டிகளெல்லாம் தம்பியிடம் இருந்தன. இவனுக்கு முதல் நிலைக்குரிய சிறிய வண்டிதான். அருகிலிருந்த நாற்காலியில் துவைத்த துணிகள் மடிக்கப்படாமல் கிடந்தன.

“ஆளுக்கொரு கணக்கு இருந்தா நெட்லயே ரெண்டு பேரும் சேர்ந்து ஓட்டலாம், மாமா,” என்றான், திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

“ஓட்டுகிறீர்களா?”

“அவன் கூப்புடல.”

திரும்பும் வழியில் விடுதியில் இறங்கித் தம்பியிடம் இதைச் சொன்னேன். அண்ணன் மீண்டும் வாங்கியிருக்கிறான் என்ற செய்தியைக் கேட்டுக் கையிலிருந்த அறைச் சாவியை மேசையில் வைத்தான்.

“எந்த ரூட்டு ஓட்டறாரு?” என்றான். எனக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்லட்டுமா என்றேன்.

“வாணாம் மாமா,” என்றான். “அவரே சொல்லட்டும்.”