கௌரியின் புருவத்தில் மூன்று தையல்

பி.டி. டீச்சராக எத்தனையோ அடிபட்ட முழங்கால்களுக்கு டிங்ச்சர் போட்டிருக்கிறேன். ஆஸ்பத்திரி வரைக்கும் ஓட வேண்டி வந்தது ஒரே நாள்தான்.

எண்பதுகளின் நடுவில், ஓசூரை அடுத்த பாகலூர்ப் பக்கம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளி. கடைசிப் பீரியட், ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு டென்னிகாய்ட். அலறல் கேட்டுத் திரும்பினால், கௌரி முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். விரலிடுக்கில் ரத்தம். கல்லெறிந்தவள் முத்துச்செல்வி. எறிந்த இடத்திலேயே விறைத்துப்போய் நின்றாள்.

முத்துச்செல்வி அந்த ஜூன் மாதம்தான் சேர்ந்தவள். அப்பாவுக்கு சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்து, திருநெல்வேலியிலிருந்து வந்த குடும்பம். அவள் வாயைத் திறந்தாலே கௌரி, "ஏட்டி, இங்கன வாட்டி" என்று இழுத்துப் பேசிக் காட்டுவாள். இத்தனைக்கும் கௌரி வீட்டில் பேசுவது கன்னடம். வகுப்பே சிரிக்கும்.

ரோட்டில் போன கம்பெனி வேன் ஒன்றை நிறுத்தி, கௌரியை ஓசூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். நான் கூப்பிடாமலே முத்துச்செல்வியும் ஏறிவிட்டாள். தாவணி முந்தானையை மடித்துக் கௌரியின் கண்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"ரொம்ப வலிக்கா ஏட்டி? பொறுத்துக்கோ, இந்தா வந்துட்டோம்."

கௌரி அவள் மணிக்கட்டை விடவே இல்லை.

தைத்து முடித்த டாக்டர், "கண்ணுக்கு ஒண்ணும் இல்லம்மா. புருவத்துல மூணு தையல், அவ்வளவுதான்" என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மறுநாள் ஹெச்.எம். முத்துச்செல்விக்கு டி.சி. எழுத உட்கார்ந்துவிட்டார். கௌரியின் அம்மா விடுவதாக இல்லை. "கண்ணு போயிருந்தா யாரு சார் பதில் சொல்றது? அந்தப் புள்ளைய அனுப்பிடுங்க."

கட்டுப் போட்ட முகத்தோடு கௌரி முன்னால் வந்தாள். "வேணாம் சார். ரெண்டு மாசமா நான்தான் அவள அழ வச்சேன். டீச்சருக்கும் தெரியும்."

தெரியும். கௌரி பேசிக் காட்டியதற்கு நானும் ஒருநாள் சிரித்திருக்கிறேன். அதை மறைக்க மனசு வரவில்லை.

"ஆமா சார். நானும் சிரிச்சேன். டி.சி. கொடுத்தா எனக்கும் ஒரு மெமோ கொடுங்க."

ஹெச்.எம். டி.சி. தாளைத் தள்ளி வைத்தார். பிறகு பேனாவை மூடினார். முத்துச்செல்வி, கௌரியின் அம்மா காலில் விழப் போனாள். அந்த அம்மா பதறித் தூக்கிவிட்டார். "ரெண்டு பேரும் கிளாஸுக்குப் போங்க" என்றார் ஹெச்.எம்.

அதன்பின் அவர்கள் உயிர்த்தோழிகளாகிவிட்டார்கள் என்று சொல்லமாட்டேன். சண்டை போட்டார்கள், பேசிக்கொண்டார்கள், மறுபடி சண்டை போட்டார்கள். கல் மட்டும் பறக்கவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

வேலைக்குப் புதிதாக வரும் டீச்சர்களுக்கு ஒன்று சொல்வேன்: பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து சிரிக்கும்போது, சிரிக்காமல் இருப்பது யார் என்று பாருங்கள்.