வேனில் ஏற்றவில்லை

எங்கள் கம்பெனியில் யாரையும் வேலையை விட்டு நீக்கியதே இல்லை. வேனில் ஏற்றமாட்டார்கள், அவ்வளவுதான். இதை இப்போது எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்போது எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் சரவெடி பின்னிக்கொண்டிருந்தேன். அறைக் கதவுக்கு மேலே 'நான்கு நபர்கள்' என்று பெயிண்டில் எழுதியிருக்கும். தீபாவளி ஆர்டர் நெருக்கினால் உள்ளே ஒன்பது பேரைத் திணிப்பார்கள். ஒரு பொறி பட்டால் போதும், ஓடக்கூட வழியில்லாமல் ஒருத்திமேல் ஒருத்தி விழுந்து கிடப்போம். இதைக் கேட்க ஆள் பலம் வேண்டும் என்றுதான் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்தேன்.

அது மேனேஜர் காதுக்கு எப்படிப் போனதோ தெரியாது. அந்த வாரமே ஒரு காலையில் எங்கள் ஊர்த் தண்ணீர்த் தொட்டி பக்கம் கம்பெனி வேன் வந்து நின்றது. எல்லாரும் ஏறினார்கள். நான் படியில் காலை வைக்கும்போது டிரைவர் குறுக்கே கையை நீட்டினான். எங்கள் ஊர்க்காரன்தான்.

"மதினி, ஒங்கள ஏத்தக் கூடாதுன்னுட்டாக. எம் பொழப்புல மண்ணப் போட்டுராதீக."

வேனுக்குள் அத்தனை பேரும் குனிந்து தூக்குவாளியைப் பார்த்தார்கள். விடுவேனா? பஸ் பிடித்து ஆலைக்கே போனேன். வேனில் வந்தவர்களைத்தான் உள்ளே விடுவோம் என்று கேட்டில் வாட்ச்மேன் மறித்துவிட்டார்.

சங்கத்தார் சொல்லித் தொழிலாளர் அதிகாரியிடம் மனு கொடுத்தேன். மேனேஜரையும் என்னையும் எதிரெதிரே உட்கார வைத்தார். "சங்கத்துல சேர்ந்ததுக்காக ஒருத்தர வேலைய விட்டு எடுக்கக் கூடாது. சட்டம் தெளிவா இருக்கு" என்று அவர் சொன்னதும் எனக்குத் தெம்பு வந்தது.

மேனேஜர் சிரித்தார். "நாங்க எங்க சார் எடுத்தோம்? இந்தம்மாதான் வேலைக்கு வரல. இவுக எடம் காலியாத்தான் கெடக்கு."

"நீக்கின உத்தரவு ஏதும் இருக்காம்மா?" என்றார் அதிகாரி.

"வேன்ல ஏத்தலைய்யா."

"அதைப் பார்த்தவங்க யாராவது வந்து சொல்லட்டும், பதிஞ்சுக்கிறேன்."

ஒரு வேன் நிறையப் பார்த்தார்களே! வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஒருத்தி மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறாளாம். இன்னொருத்தி சீசன் முடியட்டும் என்றாள். ஒன்பது பேராக அடைந்து கிடந்தபோது என் தோளில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், நான் வருவதைப் பார்த்துக் கதவைச் சாத்தினாள். மேனேஜர்மேல் இருந்த கோபத்தைவிட அந்தக் கதவுமேல் எனக்கு வந்த கோபம் பெரிது. நடுத்தெருவில் நின்று வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

பக்கத்து வீட்டுக்காரிதான் வெளியே வந்தாள். என்னைவிடச் சின்னவள். "யக்கா, கத்தாதீக. நான் வாரேன். அந்த அறைக்குள்ள நானுந்தான கெடக்கேன்?"

ஒரு நாள் லீவு போட்டு அதிகாரியிடம் வந்தாள். மேனேஜரும் எதிரே இருந்தார். சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே, டிரைவர் கையை நீட்டியது, என்ன சொன்னான் என்பது எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னாள். அதிகாரி பதிந்துகொண்டார். எல்லாம் முடிந்து எழும்போது மேனேஜர் அவளிடம் ரொம்ப அன்பாக, "நீ எந்த ஊர் வேன்லம்மா வார?" என்று கேட்டார்.

மறுநாள் அவளோடு நானும் தண்ணீர்த் தொட்டிவரை போனேன். டிரைவர் அவளுக்கும் கையை நீட்டினான்.

அவள் அழவில்லை. நான் விடவில்லை. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அப்படியே பஸ் ஏறி அதிகாரி முன்னால் போய் நின்றேன். அவர் கெட்டவர் இல்லை. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். இவளுக்குத் தனியாக ஒரு மனு எழுத வேண்டும் என்றார். பிறகு, ஏற்றாததற்குச் சாட்சி உண்டா என்று கேட்டார்.

"நான் பாத்தேன்யா. பக்கத்துலதான் நின்னேன்."

"உங்களுக்கும் கம்பெனிக்கும் தகராறு இருக்கேம்மா. உங்க பேச்சு எடுபடாது" என்றார். "வேன்ல போய்க்கிட்டிருக்கிற ஆள் யாரையாவது கூட்டிட்டு வாங்க."